குழிக்கும் மோதலுக்கும் நடுவே ஓர் உருண்டை

கொட்டாரம் சந்திப்புக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுபோனது. ஆனி மாதச் சாரல். சுசீந்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பொற்றையடி தாண்டி, மருந்துவாழ்மலை இருட்டில் கறுத்து நிற்பதைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியவர் சித்தப்பா. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் மண் உள்வாங்கிக் கிடந்தது. மேலே மழைத்தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியபோது என் பல்லோடு பல் மோதியது. ஏறி வெளியே வந்த வண்டி, பத்தடி உருண்டு, சத்தமில்லாமல் அடங்கிவிட்டது.

விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் எடுக்கவில்லை. சித்தப்பா ஐந்தாறு தடவை முயன்று பார்த்துவிட்டு, பேட்டரி இறங்கிவிடும் என்று நிறுத்தினார். சந்திப்பில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த பெரியவரை ஒருவர் டிவிஎஸ் 50-இல் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"எங்கயாவது இடிச்சியளா தம்பி?"

"இடிக்கல்ல அண்ணாச்சி. குழியில விழுந்துச்சு."

அவர் பானட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவரிடம், "பீடிய அணைச்சுட்டு அங்கிட்டுப் போயி நில்லும்" என்றார். டார்ச்சை வாங்கிக்கொண்டு ஈரத் தரையில் முழங்கால் ஊன்றி, வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "பெட்ரோல் மணம் உண்டா பாரு மக்கா" என்று என்னையும் குனியச் சொன்னார். ஈர மண்ணின் மணம்தான் இருந்தது. பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து, காலடி விரிப்பைத் தள்ளி, டேஷ்போர்டுக்குக் கீழே ஓரமாகக் கையை விட்டார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று. அதன் தலையில் ரப்பர் மூடிக்குள் ஒரு பொத்தான் மேலே எழும்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார். 'டக்'.

சித்தப்பா சாவிக்குக் கையை நீட்டினார். "ஸ்டார்ட் பண்ண வேண்டாம் தம்பி. சாவிய ஒரு படி மட்டும் திருப்பு." திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'உய்ய்ங்' என்று மெல்லிய சத்தம் இரண்டு நொடி கேட்டு அடங்கியது. அதோடு கிளம்பிவிடலாம் என்று நாங்கள் உட்கார்ந்திருக்க, அவர் மறுபடி தரையில் முழங்கால் போட்டு, மறுபடி டார்ச் அடித்து, மறுபடி முகர்ந்தார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இனி எடுங்க" என்றார். முதல் சுற்றிலேயே எடுத்தது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. உடைசல் கடையில் கிடந்த ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். புனல் போல மேல்நோக்கி விரியும் ஒரு கிண்ணம். அதன் அடியில் ஒரு காந்தம். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கோலிக்குண்டு போன்ற ஓர் எஃகு உருண்டை. கிண்ணத்துக்கு மேலே ஒரு சிறு தட்டு, அதோடு இணைந்த மின்தொடுப்பு. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை, சிப் இல்லை. இந்தப் பெட்டியின் வழியாகத்தான் காரின் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகிறது. இதற்கு இனர்ஷியா சுவிட்ச் என்று பெயர்; சடத்துவ விசை பார்த்து அறுபடும் சுவிட்ச்.

இப்படி ஒன்று ஏன் வேண்டியிருந்தது? அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துப் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்தது. எஞ்சினுக்குள் சுற்றும் கேம் தண்டு ஒரு நெம்பைத் தட்ட, அது ஒரு சவ்வை மேலும் கீழும் இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. கார்புரேட்டருக்கு அழுத்தமும் அதிகம் தேவையில்லை. ஓட்டுவீட்டுக் கூரை உயரத்தில் ஒரு பெட்ரோல் தொட்டி வைத்தால் குழாயில் என்ன வேகத்தில் வருமோ, அவ்வளவு போதும்.

2000-த்தில் பாரத் ஸ்டேஜ் புகை விதிகள் வந்தன. அந்தக் காலத்தை ஒட்டி நம் சாலைகளில் கார்புரேட்டர் போய், இன்ஜெக்டர் வந்தது. பெட்ரோலைத் துளித்துளியாக விடாமல் பனிப்புகை போலப் பீய்ச்ச வேண்டும். அதற்கு மூன்று பார் அளவு அழுத்தம் வேண்டும். மூன்று பார் என்றால் எவ்வளவு? கொட்டாரத்திலிருந்து சிறிது தூரம் தெற்கே போனால் கடலுக்குள் திருவள்ளுவர் நிற்கிறார். 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தச் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடத்தின் அடியிலிருந்து வள்ளுவரின் தலை உச்சிவரை ஒரு குழாயை நிறுத்தி அதில் பெட்ரோல் நிரப்பினால், கீழே இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று பார். அத்தனை உயரத்துப் பெட்ரோலும் சேர்ந்து தள்ளுகிற தள்ளலை, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய் உங்கள் காருக்கு அடியில் ஓசையில்லாமல் தாங்கிக்கொண்டு போகிறது.

தள்ளுகிற பம்ப் இப்போது எஞ்சினோடு இல்லை. பின்னால், டாங்கிக்குள், பெட்ரோலிலேயே மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்றாலும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அது ஓடத் தயார். மோதலில் முன்பக்கம் நசுங்கி, குழாய் விண்டு, கம்பிகள் உரசிப் பொறி பறக்கும் நேரத்தில், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோலை அது அங்கே கொண்டுவந்து பீய்ச்சும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பரவும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் காற்றில் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் பெரியவர் முதலில் பீடியை அணைக்கச் சொன்னார்.

பம்பை அறுக்க முதல் காவல் ஒன்று எல்லா வண்டியிலும் உண்டு. சாவியைத் திருப்பியதும் கேட்ட 'உய்ய்ங்' சத்தம் இரண்டு நொடியில் ஏன் அடங்கியது? எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல வண்டிகளில் அதில் அறுபது பல்லுக்கு இடம் இருக்கும். இரண்டைப் பிடுங்கிவிட்டு ஐம்பத்தெட்டு பல் வைத்திருப்பார்கள். பொக்கைவாய் இடம் எங்கே வருகிறது என்பதை வைத்து பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கணினி அறிந்துகொள்ளும். சும்மா நிற்கும் வண்டியில், நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், நொடிக்கு 770 பல்லுக்கு மேல் உணர்கருவியைக் கடந்து போகின்றன. அந்தத் துடிப்பு வந்துகொண்டிருக்கும்வரை பம்ப் ஓடும். நின்றால் பம்பும் நிற்கும். சாவி போட்டதும் குழாயை நிரப்ப இரண்டு நொடி கொடுத்துவிட்டு, பல் அசையவில்லையே என்று பார்த்ததும் கணினி பம்பை நிறுத்திவிடுகிறது.

ஆனால் மோதியபின்பும் எஞ்சின் சில நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அல்லது குழாய் பின்பக்கத்தில் அறுந்திருக்கும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல் துடிப்பு சரியாகத்தான் வரும். கணினிக்கு எல்லாம் நலம். இந்த இடத்தில்தான் உருண்டை வேண்டும்.

அது எப்படி முடிவெடுக்கிறது என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வடைச்சட்டியில் ஒரு பெரிய நெல்லிக்காயைப் போடுங்கள். சட்டியை வெடுக்கென்று ஒரு விரற்கடை மட்டும் நகர்த்தி நிறுத்துங்கள். நெல்லிக்காய் துள்ளி, ஆடி, பழைய இடத்துக்கே வரும். இனி ஒரு முழத் தூரம் வேகமாக இழுத்து நிறுத்துங்கள். நெல்லிக்காய் சரிவில் ஏறி விளிம்பைத் தாண்டிப் போய்விடும். முதல் அசைவு எவ்வளவு வெடுக்கென்று இருந்தாலும், நெல்லிக்காய்க்கு ஏற நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவதில் கிடைத்தது.

குழிக்கும் மோதலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். சடன் பிரேக் போட்டால், டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பு அனுமதிக்கும் அளவுதான் வேகம் குறையும். அது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவை எட்டுவதே அபூர்வம். மணிக்கு 20 கிலோமீட்டரில் சுவரில் மோதி, முன்பக்கம் பதினேழு சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். நின்று முடிய ஆயிரத்தில் அறுபது பங்கு நொடி ஆகும். அந்த நேரம் முழுக்க புவியீர்ப்பைப் போல ஒன்பது பத்து மடங்கு விசை வண்டியை இழுத்துப் பிடிக்கும். குழியில் விழும்போதும் உச்ச விசை பெரிதாக இருக்கலாம். ஆனால் ஓரிரு கணம் வந்து போய்விடும்.

பிரேக் போட்டால் காந்தம் உருண்டையை விடாது. குழியில் விழுந்தால் காந்தம் விட்டாலும், உருண்டை சரிவில் சற்று ஏறிவிட்டுத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். மோதினால் சரிவு முழுவதும் ஏறி மேல்தட்டை முட்டும், தொடுப்பு அறுபடும், பொத்தான் எழும்பும். கிண்ணம் வட்டமாக இருப்பதால் முன்னால், பின்னால், பக்கவாட்டில், எங்கிருந்து இடித்தாலும் ஒன்றே. காந்தம் எவ்வளவு வலுவாகப் பிடிக்க வேண்டும், சரிவு எத்தனை பாகை சாய வேண்டும், தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்று அளவுகளுக்குள் பொறியாளர்கள் தங்கள் அறிவு முழுவதையும் எழுதி வைத்துவிட்டார்கள். விசை எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று இரண்டையும் பெருக்கிக் கூட்டிப் பார்க்கும் நுண்கணிதத்தை, ஓர் எஃகுக் குண்டு உருண்டே செய்து முடிக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவு நான் நெடுநேரம் அந்த உடைசல் பெட்டியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழி எல்லைக்கோட்டில் இருந்த குழி. உருண்டை தட்டை எட்டிவிட்டது. இப்படி நடப்பதை வைத்து இதைத் தொந்தரவு பிடித்த சாமான் என்று சொல்லி, இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து டேப் சுற்றிவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். பத்து வருடத்தில் ஒருமுறை மழையில் அரைமணி நேரம் நிற்க வைத்ததற்காக, அது விழித்திருந்த மற்ற நாட்களையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுகிறோம்.

நம்மூரில் இதைக் கொண்டுவந்த வண்டிகள் பல. மறைமலை நகரில் செய்து 1999-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஐகானிலும், இரண்டு வருடம் கழித்து வந்த ஃபியட் பாலியோவிலும் இந்தச் சுவிட்ச் இருந்தது. இன்று புது வண்டியில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக்குக்கு மோதலை உணரும் கருவி எப்படியும் வேண்டும். அதுவே பம்பையும் அறுக்கச் சொல்லிவிடுகிறது.

ஏர்பேக்கின் கதையிலும் முதலில் ஒரு காந்தமும் உருண்டையும் இருந்தன என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவில் குண்டுகளுக்கான வெடிதூண்டிகள் செய்துகொண்டிருந்த ஆலன் பிரீட், 1960-களின் கடைசியில், காந்தம் பிடித்திருக்கும் உருண்டை குழாய்க்குள் ஓடிப்போய்த் தொடுப்பை மூட்டும்படி ஓர் உணர்கருவியை அமைத்தார். எது விழுந்தால் வெடிக்கக் கூடாது, எது மோதினால் வெடிக்க வேண்டும் என்று பிரிப்பதுதான் வெடிதூண்டியின் வேலை. அந்த அறிவு உயிர் காக்கும் பையை விரிக்கப் பயன்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் உருண்டையைச் சிலிக்கானுக்குள் கொண்டுபோனது. சீப்பின் பற்கள் போலச் செதுக்கிய சிலிக்கான் துணுக்கு, மோதலில் மயிரிழையைவிட மெல்லிய அளவு நகர்கிறது. பற்களுக்கிடையே மின்தேக்கம் மாறுகிறது. அதை வைத்து விசையை அளக்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாத அந்தத் துணுக்கும் நெல்லிக்காயின் பேரப்பிள்ளைதான்.

டீசல் வண்டிக்கு வேறு கதை. அதில் தீப்பொறியே கிடையாது. காற்றை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைப்பது அது. ஆகையால் சாவியைப் பிடுங்கினாலும் டீசல் வந்துகொண்டிருந்தால் எஞ்சின் ஓடும். பழைய லாரிகளிலும் அரசுப் பேருந்துகளிலும் டிரைவர் வண்டியை நிறுத்தும்போது ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தது பலருக்கு நினைவிருக்கும். டீசல் பம்பின் கழுத்தைப் பிடிக்கிற கம்பி அது. பிறகு அந்த இடத்தில் மின்சார வால்வு வந்தது. வால்வுக்குள் ஒரு சுருள்வில் எப்போதும் அதை மூடப் பார்க்கிறது. மின்சாரம்தான் அதைப் பிடித்துத் திறந்து வைத்திருக்கிறது. வயர் அறுந்தால், ஃபியூஸ் போனால், பேட்டரி கழன்றால், வில் ஜெயித்து வழியை மூடிவிடும். கேஸ் வண்டிகளின் சிலிண்டர் வாயிலும் இதே ஏற்பாடுதான். காற்று இறங்கினால் தானே பிடித்துக்கொள்ளும் லாரி பிரேக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓடுவதற்கு ஓயாமல் அனுமதி வேண்டும்; நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று அமைப்பது.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் பக்கத்தில். இன்ஜெக்டர் வந்த பைக் கீழே விழுந்தால், சாய்வை உணரும் கருவி எஞ்சினை அணைத்துவிடும். எழுப்பி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் எடுக்காது. சாவியை அணைத்து மறுபடி போட்டால் எடுக்கும். வண்டி கெட்டுப்போனது என்று தள்ளிக்கொண்டே போனவர்களை எனக்குத் தெரியும். சின்னமுட்டம் துறைமுகத்தில் அவுட்போர்டு எஞ்சின்களைப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் சுருள்கயிறு ஒன்று தொங்கும். ஒருமுனை எஞ்சினில், மறுமுனை ஓட்டுபவர் மணிக்கட்டில். ஆள் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நிற்கும், வள்ளம் ஆளை விட்டுப் போகாது, சுழலும் விசிறி அவர்மேல் வராது. எஞ்சினிலேயே மாட்டித் தொங்கவிட்டிருக்கும் கயிறு யாரையும் காப்பாற்றாது. கையில் மாட்ட வேண்டும்.

மின்சாரக் காரில் பெட்ரோல் இல்லை. ஆனால் 300, 400 வோல்ட் இருக்கிறது. பிளந்த வண்டிக்குள் கைவிட்டு ஆளை இழுப்பவருக்கு அது யமன். அங்கே பல வண்டிகளில் ஒரு சிறு வெடிமருந்துக் குப்பி இருக்கிறது. ஏர்பேக் விரியும்போதே அதுவும் வெடித்து, ஒரு கத்தியைத் தள்ளி, தடித்த செம்புப் பட்டையை ஒரே வெட்டாக வெட்டிவிடும். அதற்கு ரீசெட் பொத்தான் கிடையாது. ஒருமுறைதான்.

நிறுத்துவது எளிது, எப்போது நிறுத்துவது என்பதுதான் கடினம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில் சாவி சுவிட்சின் பிடிப்பு தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ முழங்கால் பட்டாலோ, ஓடும் வண்டியில் சாவி 'ரன்' நிலையிலிருந்து நழுவியது. எஞ்சின் நின்றது. பவர் ஸ்டியரிங் கனத்தது. ஏர்பேக்குக்குப் போகும் மின்சாரமும் நின்றது. மோதியபோது அது விரியவில்லை. 2014-இல் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. நெடுஞ்சாலையில் ஓடும் காரை வேளை கெட்ட வேளையில் அணைப்பதும் ஆளைக் கொல்லும். இனர்ஷியா சுவிட்ச் எஞ்சினின் சாவியைத் தொடுவதில்லை. பம்பை மட்டும் அறுக்கிறது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், அபாய விளக்கு மினுங்கும். எங்கள் வண்டியில் எல்லாம் வேலை செய்து எஞ்சின் மட்டும் எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 2017 அக்டோபரிலிருந்து புதிதாக வரும் கார் மாடல்கள் மணிக்கு 56 கிலோமீட்டரில், முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் படும்படி ஒரு தடுப்பில் மோதிக் காட்ட வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் அதற்கான கூடம் இருக்கிறது. பொம்மை மனிதர்களின் நெஞ்சையும் தலையையும் அளப்பதோடு வேலை முடிவதில்லை. மோதிய வண்டிக்கு அடியில் எரிபொருள் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஒழுகினால் நிமிடத்துக்கு 30 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 30 கிராம் என்பது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. உருண்டையோ சிப்போ வைத்துத்தான் தீர வேண்டும் என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. தரையில் என்ன சொட்டுகிறது என்றே கேட்கிறது.

கொட்டாரத்துப் பெரியவரும் அதைத்தான் கேட்டார். முதல் தடவை அவர் குனிந்தது எனக்கு அன்றே புரிந்தது: குழியில் அடிபட்டுக் குழாய் உடைந்திருந்தால் சொட்டு தெரியும். ஆனால் பம்ப் அறுபட்டு அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் குழாயில் அழுத்தம் இறங்கியிருக்கும். மெல்லிய விரிசல் ஒன்று இருந்தால் அது அப்போது வாயைத் திறக்காது. பொத்தானை அழுத்தி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, வள்ளுவர் சிலை உயரத்துக்கு அழுத்தம் ஏறிய பிறகு, எஞ்சின் சூடும் பொறியும் எதுவும் கிளம்புவதற்கு முன், அந்த இடைவெளியில்தான் அது சொட்டும். அதற்காகத்தான் மழையில் இரண்டாம் முறை முழங்கால் போட்டார். நான் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.